வெட்கத்துக்கு உயிரைக் கொடுக்க வேண்டாம்

(மும்பையில் நம் சங்கத்தின் மகளிர் பிரிவு கூட்டிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அப்பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வேலையின் காரணமாக வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



இதே இடத்தில் நாம் பலமுறை கூடியிருக்கிறோம். ரேஷன் கார்டுக்காகக் கூடினோம். தண்ணீர்க் குழாய்க்காகக் கூடினோம். குடிசைகளை இடிக்க வந்தபோது கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தோம். அந்தக் கூட்டங்களில் எல்லாம் முன்வரிசையில் இருந்தவர்கள் பெண்கள்தான். ஆனால் பெண்ணின் உடம்பைப் பற்றி இந்த மேடையில் நாம் ஒரு நாளும் பேசியதில்லை. இன்று பேசப் போகிறோம். கருப்பை வாயில் வருகின்ற புற்றுநோயைப் பற்றியும், அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு பெண் தன் கையாலேயே மாதிரி எடுத்துக் கொடுக்கின்ற பரிசோதனையைப் பற்றியும் பேசப் போகிறோம்.

நோட்டீஸ் கொடுத்தபோதே சிலர் கேட்டார்கள்: "இது டாக்டர் பேச வேண்டிய பேச்சு. சங்கத்துக்கு இதில் என்ன வேலை?"

வேலை இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் உலகத்தில் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 3,50,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 100க்கு 94 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு நிமிடம் ஆவதற்குள் நம் நாட்டில் ஒரு பெண் இந்த நோயால் சாகிறாள். பணக்கார நாட்டுப் பெண்ணுக்கும் கருப்பை இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. அவள் பிழைக்கிறாள், நாம் சாகிறோம் என்றால் அதற்குக் காரணம் உடம்பில் இல்லை. ஆகவே இது சங்கத்தின் வேலைதான்.

ஓர் அக்காவின் கதை

நம்மோடு இருந்த ஓர் அக்காவை இங்கே பலருக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் இங்கே வந்தவர். விடியற்காலையில் இட்லி அவித்து அனுப்பிவிட்டு, பகலில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர்.

மாதவிலக்கு நின்று நான்கு வருடம் கழித்து அவருக்கு மறுபடி இரத்தம் பட்டது. "நின்றது திரும்பியிருக்கிறது, உடம்புச் சூடு" என்று நினைத்தார். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். சில மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருக்கு மராத்தி தெரியாது, இந்தி அரைகுறை. பள்ளிக்கூடத்தில் மராத்தி படிக்கின்ற 14 வயது மகனைத் துணைக்கு அழைத்துப் போனார். யோசித்துப் பாருங்கள். தாய் தன்னுடைய எந்த இடத்தில் இரத்தம் வருகிறது என்று, பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு, பிள்ளையின் வாயாலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்வாரா? "வயிற்று வலி" என்று மட்டும் சொன்னார். வயிற்று வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கேட்டவர்களுக்கும் அவசரம், வெளியே நூறு பேர் வரிசையில் நின்றார்கள்.

ஒரு வருடம் கழித்துக் கெட்ட வாடையோடு நீர் போகத் தொடங்கிய பிறகு, பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அப்போது நோய் முற்றியிருந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாவது மாதம் தகவல் வந்தது.

நாங்களும் குற்றவாளிகள்தான். வாரத்துக்கு ஒருமுறை அவரைப் பார்த்தோம். சந்தா வாங்கினோம். மெலிந்துவிட்டீர்களே என்று சொன்னோம். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க வெட்கம். அவருக்குச் சொல்ல வெட்கம். எங்களுக்குக் கேட்க வெட்கம்.

நோய் எப்படி வருகிறது

இந்த நோய்க்குக் காரணம் கண்ணேறு இல்லை, கர்ம வினை இல்லை. எச்.பி.வி. என்கிற ஒரு வைரஸ். இந்த வைரஸையும் கருப்பை வாய்ப் புற்றையும் முடிச்சுப் போட்டுக் காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த வைரஸில் பல வகை உண்டு. 16, 18 என்று எண் போட்டு அழைக்கப்படுகின்ற இரண்டு வகைகள் மட்டுமே 100க்கு 70 கருப்பை வாய்ப் புற்றுகளுக்குக் காரணம்.

உடலுறவின் மூலம் இது பரவுகிறது. தாம்பத்தியம் நடத்துகின்ற பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகின்ற கிருமி இது. சளி பிடிப்பது போல வரும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் போகாமல் தங்கும். தங்கிய இடத்தில் கருப்பை வாயின் தோல் மெல்ல மெல்ல மாறும். அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகிறது. எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை பெறாத பெண்களுக்கு இன்னும் சீக்கிரம், 5 முதல் 10 வருடத்தில்.

இந்த நோய் நமக்கு 15 வருடம் அவகாசம் கொடுக்கிறது. வேறு எந்தப் பெரிய நோய் இவ்வளவு அவகாசம் கொடுக்கிறது? அந்த 15 வருடத்தில் ஒருமுறை, இரண்டு முறை சோதித்துப் பார்த்தால் புற்று வருவதற்கு முன்பே தடுத்துவிடலாம். அந்தக் காலம் முழுதும் வலி இருக்காது, இரத்தம் வராது, ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் போக வேண்டும்?" என்று கேட்கின்ற பெண்தான் போக வேண்டிய பெண்.

நம் பெண்களை வைத்தே நிரூபித்தார்கள்

இதைத் தடுக்க முடியும் என்பதை எங்கோ அமெரிக்காவில் மட்டும் நிரூபிக்கவில்லை. இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் நிரூபித்தார்கள். 1998இல் டாடா நினைவு மருத்துவமனையார் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 1,50,000 பெண்கள் அதில் இருந்தார்கள். பத்தாம் வகுப்பு அளவுக்குப் படித்த, டாக்டர் அல்லாத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கருப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தை, அதாவது நம் அடுப்படி வினிகரில் இருக்கின்ற அதே சரக்கை, தடவிப் பார்க்கச் செய்தார்கள். மாறிய தோல் வெள்ளையாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வெளியானது: பரிசோதிக்கப்பட்ட பெண்களிடையே இந்த நோயால் ஏற்படும் சாவு 100க்கு 31 பங்கு குறைந்தது. நாடு முழுதும் செய்தால் ஆண்டுக்கு 22,000 உயிர்களைக் காப்பாற்றலாம் என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள்.

நம் மாநிலத்திலும் நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்து நர்சுகளைக் கொண்டே இதே முறையில் செய்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி அங்கே சாவு 100க்கு 35 பங்கு குறைந்தது.

மூன்றாவதாக உஸ்மானாபாத். இன்று தாராசிவ் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அங்கே கிராமத்துப் பெண்கள் 1,31,746 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கின்ற எச்.பி.வி. பரிசோதனை. ஒரே ஒரு முறைதான் செய்தார்கள். எட்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, பரிசோதனையே இல்லாத பிரிவோடு ஒப்பிட்டால் அந்தப் பிரிவில் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. 2009இல் இந்த முடிவு வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம், எச்.பி.வி. பரிசோதனையே முதல் பரிசோதனையாக இருக்கட்டும், 30 வயது முதல் 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும் என்று பரிந்துரைத்தது.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வுகளில் ஒரு பகுதிப் பெண்களுக்குப் பரிசோதனையே தரப்படவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்களை விட்டுவைத்தார்கள். மும்பையில் அவர்களுக்கு நோயைப் பற்றிய விளக்கம் மட்டும் தரப்பட்டது. இது நியாயமா என்று பிறகு மருத்துவர்களே கேள்வி எழுப்பினார்கள். குடிசைப் பெண்களும் கிராமத்துப் பெண்களும் தங்கள் உடம்பைக் கொடுத்து உலகத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தின் பலன் அவர்களுக்கு வந்து சேர்ந்ததா? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் இந்தப் பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 100க்கு இரண்டு பேர் கூட இல்லை. தமிழ்நாட்டில் 100க்கு ஏறத்தாழ 10 பேர். அதுவும் பெருமைப்படக்கூடிய எண் இல்லை.

தன் கையால் எடுக்கும் மாதிரி

ஏன் பெண்கள் போவதில்லை? வீடு வீடாகப் போய்க் கேட்டோம். மேசையில் படுத்து, காலை விரித்து, முன்பின் தெரியாதவர் இரும்புக் கருவியை வைத்து அகலப்படுத்திப் பார்ப்பதை நினைத்தாலே கூசுகிறது என்றார்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும் என்றார்கள். ஆம்பிளை டாக்டர் இருப்பாரோ என்றார்கள். மொழி தெரியாது என்றார்கள்.

எச்.பி.வி. பரிசோதனையில் இந்தத் தடைகளில் பெரிய தடை விழுகிறது. வைரஸைத் தேடுவதற்குக் கருப்பை வாயைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. பிறப்புறுப்பின் உள்ளே இருக்கின்ற ஈரத்திலேயே வைரஸ் இருந்தால் அகப்படும். அந்த மாதிரியைப் பெண் தானே எடுக்கலாம். செய்முறையைச் சொல்கிறோம், கவனமாகக் கேளுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். ஒரு மெல்லிய பஞ்சுக் குச்சி அல்லது சிறு பிரஷ் தருவார்கள். அதன் நுனியைத் தொடக் கூடாது. கீழே வைக்கவும் கூடாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தோ, ஒரு காலைப் படியில் தூக்கி வைத்தோ, குச்சியை மெதுவாக உள்ளே விட வேண்டும். ஒரு விரல் நீளம், ஏறத்தாழ இரண்டு அங்குலம், போனால் போதும். அங்கே வைத்துச் சில முறை சுழற்ற வேண்டும். பிறகு வெளியே எடுத்து, கொடுத்த குழாயில் போட்டு மூடியை இறுக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. கொடுக்கின்ற சாதனத்துக்குத் தகுந்தாற்போல் சிறு வித்தியாசம் இருக்கும். கூட வருகின்ற படத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். மாதவிலக்கு நாட்களில் எடுக்க வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் எல்லாப் பெண்களுக்கும் இந்த வழி திறந்துவிடப்பட்டது. மலேசியாவில் 2018இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுத்தாள். முடிவு அவளுடைய கைப்பேசிக்கே வந்தது. நம் நாட்டிலேயே தயாரான இரண்டு எச்.பி.வி. பரிசோதனைகளைச் சரிபார்த்து முடித்ததாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். சரிபார்த்த இடங்களில் மும்பையில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிலையமும் ஒன்று. ஆகவே "இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு" என்று இனி யாரும் கை விரிக்க முடியாது.

தாய்மார்கள் கேட்ட கேள்விகள்

வீடு வீடாகப் போனபோது கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

"நாங்களே எடுத்தால் சரியாக வருமா? டாக்டர் எடுத்தால்தானே சுத்தம்?" பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை 2018இல் வெளியானது. பி.சி.ஆர். முறையில் சோதித்தால், பெண் தானே எடுத்த மாதிரியும் டாக்டர் எடுத்த மாதிரியும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு நோயைக் காட்டுகின்றன என்று அது சொன்னது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்த அதே பி.சி.ஆர். முறைதான்.

"உள்ளே ஏதாவது கிழிந்துவிட்டால்? குச்சி உள்ளே போய்விட்டால்?" போகாது. கருப்பை வாய் மூடிய கதவு மாதிரி. குச்சி அதைத் தாண்டாது. கொஞ்சம் கூசும், வலிக்காது. லேசாக ஒரு துளி இரத்தம் பட்டாலும் பயப்பட வேண்டாம்.

"வைரஸ் இருக்கிறது என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமா?" இல்லை. இதை நூறு முறை சொல்வோம். உஸ்மானாபாத்தில் பரிசோதித்த பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வைரஸ் இருந்தது. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் நோய். வைரஸ் இருந்தால் அடுத்த படியாக டாக்டரிடம் போய்க் கருப்பை வாயைக் காட்ட வேண்டும். தோல் மாறியிருந்தால் சூடு கொடுத்தோ, குளிர் கொடுத்தோ அந்த இடத்தை மட்டும் அழித்துவிடுவார்கள். சில நிமிட வேலை. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சில வாரம் தாம்பத்தியம் வேண்டாம் என்பார்கள்.

"கருப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை விட்டது இல்லையா?" தாய்மார்களே, இந்த வலையில் விழாதீர்கள். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகின்ற பெண்களுக்கு நடந்ததை மறக்க வேண்டாம். அவர்களும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைக்கிறவர்கள். 2019இல் அரசு அமைத்த குழுவின் கணக்கில் 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. புற்றுநோய் வந்துவிடும் என்று பயமுறுத்தி எடுத்ததாகப் பெண்கள் பலர் சொன்னார்கள். மாதவிலக்கு வந்தால் கூலி போகும் என்ற நிலைமை அந்தப் பயத்துக்குத் துணை நின்றது. வைரஸ் இருக்கிறது என்ற ஒரு தாளைக் காட்டி யாராவது கருப்பையை எடுக்கச் சொன்னால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடம் காட்டுவோம்.

"எனக்கு இப்போதே இரத்தம் படுகிறது. குச்சிப் பரிசோதனை செய்யட்டுமா?" வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். உறவுக்குப் பின் இரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் இரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம், கெட்ட வாடையோடு நீர். இவற்றில் எது இருந்தாலும் குச்சிக்காகக் காத்திருக்கக் கூடாது. குச்சி நோயின் அறிகுறி இல்லாதவர்களுக்கு.

"மகளுக்கும் எடுக்கலாமா?" மகளுக்குத் தடுப்பூசி. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. தாய்க்குப் பரிசோதனை. இரண்டும் வேண்டும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை பேசாமல் நிற்கின்ற ஆண் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உடலுறவால் வருகின்ற வைரஸ் என்று சொன்னோம். வீட்டுக்குப் போனதும் சில பேர் மனத்தில் சந்தேகம் எழும். "அவளுக்கு எப்படி வந்தது?" என்று கேட்கத் தோன்றும்.

இந்த வைரஸ் பல வருடம் உடம்பில் ஓசையில்லாமல் கிடக்கும். கல்யாணத்துக்கு முன்பு கணவனுக்கு வந்ததாக இருக்கலாம், முதல் வருடத்தில் மனைவிக்குத் தொற்றியதாக இருக்கலாம். யாரிடமிருந்து, எப்போது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஒரே கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். ஆகவே முடிவுத் தாளை வைத்துக்கொண்டு மனைவியை விசாரிக்கிறவன் மருத்துவம் தெரியாதவன். அடிக்கிறவன் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன். அந்தப் பயம் இருக்கின்ற வரையில் எந்தப் பெண்ணும் குச்சியைத் தொட மாட்டாள். நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போக வேண்டி வந்தால் கூடப் போங்கள்.

குச்சி மட்டும் போதாது

இனி, நாம் கேட்க வேண்டியவற்றுக்கு வருவோம். வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று இந்தப் பரிசோதனையைப் பற்றி எழுதுகிறார்கள். நல்லது. யாருடைய வீட்டில்? பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம். குளிக்கின்ற இடம் வாசலில் ஒரு சாக்குத் திரை. கழிப்பறை பொதுக் கழிப்பறை. வெளியே பதினைந்து பேர் கதவைத் தட்டுகிறார்கள். அங்கே நின்றுகொண்டு கையைக் கழுவிக் குச்சியைச் சுத்தமாக எடுக்க முடியுமா? கதவோடு குளியலறை உள்ளவர்களை நினைத்து எழுதிய யோசனை அது. நமக்கு வேண்டியது நகராட்சி மருந்தகத்தில் ஒரு திரை போட்ட அறை, தாழ்ப்பாள், தண்ணீர், சோப்பு. அது ஞாயிற்றுக்கிழமையிலும் மாலையிலும் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இலவசம். தனியார் பரிசோதனைக் கூடங்களில் இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து வருகின்ற மாதச் சம்பளம் அதற்கே போய்விடும். மத்திய அரசு 2016இல் வெளியிட்ட வழிமுறையிலேயே 30 முதல் 65 வயதுப் பெண்கள் அனைவருக்கும் 5 வருடத்துக்கு ஒருமுறை அசிட்டிக் அமிலப் பரிசோதனை என்று எழுதியிருக்கிறது. அதையாவது நம் மருந்தகத்தில் ஒழுங்காக நடத்தக் கேட்போம். எச்.பி.வி. பரிசோதனையையும் அதோடு சேர்க்கக் கேட்போம்.

மூன்றாவது, முடிவும் சிகிச்சையும். மாதிரியை வாங்கிக்கொண்டு போய், முடிவைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம். நாம் அறை மாறுகிறவர்கள். கைப்பேசி எண் மாறுகிறவர்கள். மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள். வைரஸ் உள்ள பெண்ணைத் தேடிப் பிடித்து, டாக்டரிடம் கொண்டு போய்ச் சேர்க்கும் வரையில் பொறுப்பு பரிசோதனை செய்தவருடையது. தேதி சொல்லி அனுப்ப வேண்டும். தமிழில் எழுதிய தாள் வேண்டும். தமிழ் தெரிந்த பெண் ஊழியர் ஒருவர் வேண்டும். இனி எந்தத் தாயும் தன் பிள்ளையை மொழிபெயர்ப்பாளனாக வைத்து இரத்தத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

நான்காவது, சம்மதம். 2009-10இல் அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமிகளுக்கு இதே வைரஸுக்கான தடுப்பூசியைப் போட்டு ஒரு திட்டம் நடத்தினார்கள். கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிய பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2010இல் அரசு அதை நிறுத்தியது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி கெட்டது என்று யாரும் அர்த்தம் கொள்ள வேண்டாம். அது நல்ல ஊசி. ஏழையிடம் கேட்காமல் செய்ததுதான் தவறு. ஆகவே யாராவது குச்சியோடு வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள்: இது எதற்கு? யார் நடத்துகிறார்கள்? முடிவு எப்போது, யாரிடம் வரும்? வைரஸ் இருந்தால் சிகிச்சை எங்கே, யார் செலவில்? நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு குச்சியைத் தொடுங்கள்.

நாம் செய்யப் போவது

அரசு செய்யட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. மகளிர் பிரிவு எடுத்த முடிவுகளைச் சொல்கிறோம்.

ஒவ்வொரு சந்துக்கும் ஒரு பெண்ணைப் பொறுப்பாகப் போடுகிறோம். அவள் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பெயரையும் பரிசோதனைத் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுவாள். முடிவை எழுத மாட்டாள். முடிவு அந்தப் பெண்ணுடைய சொந்த விஷயம். அவள் சொன்னால் கேட்போம், துணைக்குப் போவோம். ஆஸ்பத்திரிக்குப் போகின்ற பெண்ணோடு மராத்தி தெரிந்த ஒரு பெண் கூடப் போவாள். ஒரு நாள் கூலி இழக்கின்ற பெண்ணுக்குச் சந்தா நிதியிலிருந்து அந்தக் கூலியைக் கொடுக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறோம். மே மாதத்தில் ஊருக்குப் போகிறவர்கள் அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கித் தமிழ்நாடு முழுதும் விரிவாக்கிய பரிசோதனை அது. செய்துகொண்டால் தாளைப் பத்திரமாக இங்கே கொண்டு வாருங்கள்.

நம் கோரிக்கைகளை எழுதிய மனு மேசையில் இருக்கிறது. கையெழுத்துத் தெரிந்தவர்கள் கையெழுத்தும், தெரியாதவர்கள் கைநாட்டும் வையுங்கள். வார்டு அலுவலகத்துக்கு நாமே ஊர்வலமாகக் கொண்டு போவோம்.

2020இல் 194 நாடுகள் கூடி ஒரு முடிவு எடுத்தன. இந்தியாவும் அதில் ஒன்று. 2030க்குள் 100க்கு 70 பெண்கள் 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் நல்ல பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது அந்த முடிவில் ஒரு பகுதி. நாம் அவ்வளவு பெரிய கணக்குக்குப் போக வேண்டாம். இந்தக் கூட்டத்தில் இருக்கின்ற 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எத்தனை பேர் இதுவரை பரிசோதித்திருக்கிறோம்? கையைத் தூக்குங்கள் என்று கேட்டால் தூக்குகின்ற கைகளை நாங்களே அறிவோம். எங்கள் பிரிவின் நிர்வாகிகளில் பாதிப் பேர் இன்னும் செய்துகொள்ளவில்லை. முதலில் நாங்கள் போகிறோம். போய் வந்து, எப்படி இருந்தது என்று உங்களிடம் வாய்விட்டுச் சொல்கிறோம்.

அந்த அக்கா இருந்தால் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இட்லிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓடி வந்திருப்பார். இன்னொருவரை அப்படி இழக்க நமக்கு மனமில்லை. எழுந்து வந்து மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.